றஹ்மா டீச்சரின் டொக்டர் பிள்ளைகள்

அரிசி கழுவத் தெரியாமல் டொக்டராகப் போகிறவர்கள் மேல் றஹ்மா டீச்சருக்குக் கோபமே கிடையாது. தெரியும் என்று தலையாட்டிவிட்டு முழிக்கிறவர்கள் மேல்தான் கோபம். அந்த ஓகஸ்ட் விடுமுறையில், மதுரங்குளியில் தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தின் மனையியல் அறையில், மருத்துவ பீடத்து மாணவர்கள் பன்னிரண்டு பேரை வரிசையாக நிறுத்தி, ஆளுக்கொரு சுண்டு அரிசியைக் கையில் கொடுத்தார். கெவின் என்ற மாணவன் தண்ணீரை மாற்றினான், மாற்றினான், மாற்றிக்கொண்டே இருந்தான்.

"மகன், அரிசியக் கழுவத்தான் சொன்னன், குளிப்பாட்டச் சொல்லல்ல. அதில இருந்த சத்தெல்லாம் இப்ப சாக்கடைக் கானுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கும். இனி நோயாளிக்குக் கான் தண்ணியத்தான் எழுதிக் குடுக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். கெவினும் சிரித்தான். டீச்சருடைய ஏச்சில் அப்படி ஒரு வாகு இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டவனும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் போவான். ஆள் குட்டை, குரல் மட்டும் சந்தி வரைக்கும் கேட்கும். அபாயாவுக்கு மேல் ஒரு பழைய ஏப்ரனைக் கட்டி, கையில் அகப்பையோடு அவர் நடந்து வந்தால், உடல்கூற்றுப் பரீட்சைக்குப் பயப்படாத பிள்ளைகள்கூட அடுப்பைச் சரியாக மூட்டினோமா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வார்கள்.

மனையியல் டீச்சரிடம் டொக்டர் பிள்ளைகள் வந்து சேர்ந்ததே ஒரு கதை. டொக்டர் டெனிஷா என்று ஒருவர், மருத்துவ பீடத்தில் சமூக மருத்துவம் படிப்பிக்கிறவர். சிலாபத்துக் கரையில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த நேரம், இந்தப் பள்ளிக்கூடத்தில் தாய்மாருக்கு இரத்தச்சோகை பற்றி ஒரு பேச்சுக் கொடுக்க வந்தார். நல்ல பேச்சு. ஆனால் பகல் வெயிலில் பாதித் தாய்மார் கொட்டாவி விட்டார்கள், மீதிப் பேர் மடியில் கிடந்த பிள்ளையோடு சேர்ந்து தூங்கியே போனார்கள். பேச்சு முடிந்ததும் றஹ்மா டீச்சர் அடுப்பை மூட்டி, நெத்தலி போட்டு முருங்கைக்கீரைச் சுண்டல் செய்து, இறக்கும்போது தேசிக்காய் பிழிந்தார். புளி சேர்ந்தால்தான் கீரையிலிருக்கிற இரும்பு உடம்பில் பிடிக்கும் என்று அவர் சொல்லி முடிக்கும்போது, தூங்கின தாய்மார் அத்தனை பேரும் அடுப்பைச் சுற்றி நின்றார்கள்.

டெனிஷா இரண்டாம் தடவையும் கீரை போட்டுச் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார்: "டீச்சர், என்ட பிள்ளைகளுக்கும் இப்பிடிப் படிப்பிச்சுத் தர ஏலுமா?"

"எத்தினையாம் வகுப்புப் பிள்ளைகள்?"

"மருத்துவ பீடம், மூண்டாம் வருஷம்."

பகிடி என்று நினைத்து றஹ்மா டீச்சர் சிரித்தார். அடுத்த ஓகஸ்டில் வாகனம் வந்து பள்ளிக்கூட வாசலில் நின்றபோதுதான் பகிடியில்லை என்று தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் காலிப் பிள்ளையும் மட்டக்களப்புப் பிள்ளையும் ஒரே வாகனத்தில், வழியில் எந்தச் சோதனைச் சாவடியிலும் இறங்காமல் வந்து சேர முடிந்த காலம் அது. அதற்குப் பிறகு வருடம் தவறியதில்லை. டீச்சர் பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் ஏசினார், எல்லோருக்கும் விளங்கியது.

"டொக்டர்மாருக்கு நீ சமைக்கப் படிப்பிக்கப் போறியா?" என்று முதல் வருடம் கேட்டவர் அவருடைய கணவர் செய்னுலாப்தீன். பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவர். "அதுக்கு முந்தி எனக்கு ஒரு நாளைக்கு உப்பைச் சரியாப் போடு."

உப்புக் குறைவாகத்தான் போடுவார். அவருடைய பிரஷருக்கு அது போதும் என்பது டீச்சரின் முடிவு. அந்த முடிவுக்கு மேல்முறையீடு கிடையாது.

டீச்சருடைய படிப்பிப்பில் ஒரு சட்டம் இருந்தது. நோயாளிக்கு எந்தச் சாப்பாட்டை எழுதிக் கொடுக்கப் போகிறீர்களோ, அதை முதலில் ஒரு கிழமை நீங்கள் சாப்பிடுங்கள். சீனி வருத்தக்காரருக்கு, அதாவது நீரிழிவுக்காரருக்கு, எழுதுவதென்றால் சீனி இல்லாத பிளேன்டீ, குரக்கன் பிட்டு, அளந்த சோறு, மலை மாதிரிக் கீரை. மூன்றாம் நாள் மாலை கெவினைக் காணவில்லை. சந்தியில் கொத்துரொட்டிக் கடையில் நின்றவனைக் கண்டுபிடித்து வந்து சொன்னவர் செய்னுலாப்தீன்தான். இந்த மாதிரி வேலையை மட்டும் அவர் சிரத்தையாகச் செய்வார். டீச்சர் ஏசவில்லை. கெவினை முன்னால் கூப்பிட்டு, கொத்து எப்படி இருந்தது என்று விசாரித்தார். நல்லா இருந்தது டீச்சர் என்று அவன் உண்மையைச் சொன்னான்.

"நாளைக்கு நீங்க கிளினிக்ல இருந்து ஏசப் போற ஆளும் மூணாம் நாள் இதே கொத்துக் கடையிலதான் நிப்பாரு. ஏச வாயத் திறக்க முந்தி இந்தக் கொத்த நெனச்சிக்கங்க."

இவ்வளவும் தெரிந்த டீச்சர், கூடப் பிறந்த அண்ணனான தன்னுடைய சொந்த நானா விஷயத்தில் எப்படித் தடுக்கி விழுந்தார் என்பதுதான் இந்தக் கதை.

நானா பெயர் மீரா முகைதீன். கற்பிட்டி வீதியில் எத்தாளைக்கு அடுத்த களப்புக் கரையில் இரண்டு போட் வைத்திருக்கிற சம்மாட்டி. ஆறு பிள்ளைகளில் அவர் மூத்தவர், றஹ்மா கடைசி. வாப்பா கடலுக்குப் போய்த் திரும்பி வராத வருடம் றஹ்மா நடை பழகிய குழந்தை. அன்றைக்குத் துடுப்பைக் கையில் எடுத்தவர் மீரா முகைதீன். தங்கைமாரைக் கட்டிக் கொடுத்தார். தம்பிமாரைக் கரை சேர்த்தார். றஹ்மாவை மட்டும், படிக்கிற பிள்ளை படிக்கட்டும் என்று, ஆசிரியர் கலாசாலை வரைக்கும் அனுப்பினார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசியபோது, "எங்கட வீட்டுப் புள்ளைக்கு எழுத்துத் தெரிஞ்சா உங்கட வீட்டு விளக்கா அணையப் போகுது?" என்று கேட்டு வாயை அடைத்தவரும் அவர்தான். றஹ்மா டீச்சரின் வாய் எங்கிருந்து வந்தது என்று இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

அந்த மனுஷனுக்குச் சீனி வருத்தம் வந்து கன காலம். உப்புத் தண்ணீரில் நிற்கிற காலில் ஒரு நாள் சிப்பி கீறியது. காயம் ஆறவில்லை. ஒரு விரலை எடுத்தார்கள். அடுத்த விரலிலும் கறுப்பு ஏறத் தொடங்கியபோது, சத்திரசிகிச்சை டொக்டர் நேராகச் சொல்லிவிட்டார்: சீனி இறங்கினால் காயம் ஆறும், இறங்காவிட்டால் பாதம் போகும். "ஹஜ்ஜுப் பெருநாள் கழிய வாங்க. அப்ப ஒரு முடிவெடுப்பம்."

பாதம் இல்லாத சம்மாட்டி எந்தப் போட்டில் ஏறுவார்? றஹ்மாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. விடிந்ததும் டொக்டர் டெனிஷாவுக்குத் தொலைபேசி எடுத்து, இந்த வருடம் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கிற வீடுகளில் தன் நானாவின் வீட்டையும் சேர்க்கச் சொன்னார். ஒவ்வொரு மாணவரும் ஒரு வீட்டைப் பொறுப்பெடுத்து, போய் வந்து, அந்த வீட்டாரின் சாப்பாட்டைத் திருத்த வேண்டும். அதுதான் பயிற்சி. நானாவின் வீடு கேதீஸ்வரனுக்குக் கிடைத்தது. உடப்புப் பையன், அதிகம் பேசாதவன். கடற்கரையில் பிறந்தவன் என்பதால் டீச்சரே அவனைத் தேர்ந்தார்.

வீடுகளுக்குப் போவதற்கும் டீச்சரிடம் ஒரு சட்டம் இருந்தது. "சாப்பாட்டு நேரத்தில மட்டும் ஒருத்தர்ட வீட்டுக்கும் போகாதீங்க. போனீங்கண்டா உங்கள இருத்தித் தீன் தராம விடமாட்டாங்க. இல்லாதவங்களும் பக்கத்து வீட்டில முட்டை கடன் வாங்கிப் பொரிச்சுத் தருவாங்க. பாவம். நாலு மணிக்குப் போங்க. ஒரு பிளேன்டீ தருவாங்க, குடிச்சிட்டு வாங்க."

மரியாதை தெரிந்த பெண்பிள்ளை சொல்ல வேண்டியதைத்தான் சொன்னார். இந்தக் கரையில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நாலு மணிக்குப் போன கேதீஸ்வரன் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தான். மீரா முகைதீன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றார். டீச்சர் தன் வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு எடுத்துக் கொடுத்தார். தக்ஷாயினி என்ற மாணவி தன்னுடைய நகப்பூச்சால் அதன் விளிம்பில் மூன்று சிவப்புக் குறி வைத்தாள்: இந்தக் குறியிலிருந்து அந்தக் குறி வரை சோறு, அடுத்தது வரை மீன், மிச்சப் பாதி முழுக்க மரக்கறியும் கீரையும். வகுப்பே அந்தப் பீங்கானை வைத்துப் படம் பிடித்தது. நானாவின் மனைவியைக் கூப்பிட்டு டீச்சர் இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஊசி மருந்தும் தொடங்கியிருந்தார்கள். இனிப் பயமில்லை என்று றஹ்மா நம்பினார்.

அடுத்த கிளினிக்கில் சீனி ஏறியிருந்தது.

றஹ்மா பாலாவியில் பஸ் மாறி, கற்பிட்டி வீதியால் நேரே நானா வீட்டுக்குப் போய் இறங்கினார். வாசலைத் தாண்டும்போதே கண்ணில் பட்டது: பீங்கான் கண்ணாடி அலுமாரிக்குள், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில், மூன்று சிவப்புக் குறியும் தெரிய அழகாக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு நாள் அதில தின்டாரு. பொறகு வேணாமெண்டுட்டாரு," என்றார் மதினி, தன்மேல் குற்றமில்லை என்கிற குரலில்.

"என்ன நானா இது? கால விட நாக்கு பெருசாப் போச்சா? வாடியில போய் அந்த ஆளுகளோட சஹன்ல குந்தி வயிறு முட்டத் தின்னாட்டி உங்களுக்கு இறங்காதா? ஒத்தக் காலோட எந்தப் போட்டில ஏறப் போறீங்க, சொல்லுங்களே!"

சஹன் என்பது ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடுகிற அகன்ற தாம்பாளம். கல்யாண வீட்டில் எல்லோரும் அதில்தான் சாப்பிடுவார்கள். வீட்டை அடுத்து, கரையில் வலையும் மீனும் வைக்கிற கொட்டிலான மீரா முகைதீனின் வாடியில் தினமும் பகலுக்கு அதுதான். போட்டில் போகிறவர்களும் சம்மாட்டியும் ஒரே சஹன். முஸ்லிம் ஆள், எத்தாளைக் கத்தோலிக்க ஆள் என்ற பேதம் அந்தத் தாம்பாளத்தில் கிடையாது. சம்மாட்டி தங்களோடு கை நனைக்கிறார் என்பதற்காகவே வேறு போட்டுக்கு மாறாத ஆட்கள் அவரிடம் இருந்தார்கள்.

மீரா முகைதீன் தன் காலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லத் தெரியாத மனுஷனில்லை. ஆனாலும், "நீ சொல்றது சரிதான் றஹ்மா" என்றதோடு நிறுத்திக்கொண்டார். றஹ்மாவுக்கு அதுதான் ஆத்திரத்தைக் கூட்டியது. எதிர்த்துப் பேசினால் இன்னும் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். வகுப்பில் கெவினுக்குச் சொன்ன கொத்துக் கதை ஒரு கணமும் அவருக்கு ஞாபகம் வரவில்லை. சொந்த இரத்தம் என்றால் படிப்பெல்லாம் பறந்துவிடும் போலிருக்கிறது.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கேதீஸ்வரன் அவர் மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"டீச்சர், நான் ஒரு பிழை விட்டுட்டன்."

"என்ன பிழை?"

"நேத்துச் சாப்பாட்டு நேரத்தில உங்கட நானா வீட்டுக்குப் போயிட்டன். பிரஷர் பாக்கிற கருவிய அங்க மறந்து வச்சிட்டு வந்திருந்தன். வெங்காயம் ஏத்தப் போன லொறி ஒண்டு கிடைச்சுது, ஏறிட்டன். இறங்கக்குள்ளதான் நேரத்தைப் பாத்தன்."

டீச்சர் வாயைத் திறந்தார். அவன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"விடல்ல டீச்சர். கையப் பிடிச்சு வாடிக்குக் கூட்டிப் போய் சஹன்ல இருத்திட்டாங்க. அதில இன்னாசித்தம்பி எண்டு ஒரு வயசான ஆள் இருக்கிறார். நானாவோட முப்பது வருஷமாக் கடலுக்குப் போறவராம். அவருக்கு ஒரு பல்லும் இல்ல. ஒரு வாய் சோறு எடுத்தா அத மென்டு முடிக்கிறதுக்குள்ள மத்தவங்க நாலு வாய் திண்டிருவாங்க. நானா முதலே சாப்பிட்டு முடிச்சிட்டார் டீச்சர். போதுமெண்டு முகத்தப் பாக்கவே தெரிஞ்சுது. ஆனா கைய எடுக்கல்ல."

"ஏன்?"

"அவர் கைய எடுத்தா சஹன் முடிஞ்ச மாதிரி. எல்லாரும் எழும்பிருவாங்க. இன்னாசித்தம்பி அண்ணனும் அரை வயித்தோட எழும்பிருவார், பொறகு பின்னேரம் அப்பிடியே கடலுக்குப் போவார். அதால நானா கைய எடுக்காம, கொஞ்சம் கொஞ்சமா எடுத்து வாயில போட்டுக்கொண்டே இருந்தார். இன்னாசித்தம்பி அண்ணன் முடிக்கும் மட்டும். சரியான கன நேரம் டீச்சர். வெறும் சோறு."

அறையில் மற்றவர்களும் அடுப்பு வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"நானா உன்னட்ட இதச் சொன்னாரா?"

"கை கழுவுறப்ப நான்தான் கேட்டன். 'இதெல்லாம் வாயால சொல்ற விஷயமா தம்பி? இன்னாசிட காதில விழுந்தா நாளையிலருந்து அவன் சஹன்லயே இருக்கமாட்டான்' எண்டார். அந்த ரெண்டு நாளும் அவர் தனியப் பீங்கான்ல சாப்பிட்டப்ப, வாடியில ஆக்கள் அள்ளிப் போட்டுட்டு எழும்பிட்டாங்களாம். இன்னாசித்தம்பி அண்ணன் ரெண்டு நாளும் பசியோட போட்டில போயிருக்கிறார். அதுக்குப் பொறகுதான் பீங்கான அலுமாரிக்குள்ள வச்சிருக்கிறார்."

றஹ்மா டீச்சர் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்தார். நாக்கு பெருசா என்று நானாவிடம் கேட்டது ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. அதே நேரத்தில் தன் நானாவை நினைத்து நெஞ்சு விம்மியது. இந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கோபமும் வந்தது. மூன்றும் ஒன்றாக வந்ததால் எதைக் காட்டுவது என்று தெரியாமல் ஏப்ரன் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பிழை விட்டது நீங்க இல்ல மகன்," என்றார் பிறகு. "நாலு மணிக்குப் போகச் சொன்னது நான். மனுஷன் என்ன தின்னுறான், எப்பிடித் தின்னுறான் எண்டு பாக்கத்தான் உங்கள அனுப்பினன். தின்னுற நேரத்தில மட்டும் போகாதீங்க எண்டும் சொல்லியிருக்கன். நல்ல படிப்பு!"

அன்று வகுப்பில் வேறு வேலை நடக்கவில்லை. என்ன செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மருந்தைக் கூட்டலாம் என்றாள் தக்ஷாயினி. அது டொக்டர் பார்த்துக்கொள்வார், சமையல்காரர் என்ன செய்யலாம் என்று சொல்லு என்றார் டீச்சர். கெவின் கையை உயர்த்தி, இன்னாசித்தம்பிக்குப் பல்லுக் கட்டினால் அவர் வேகமாகச் சாப்பிடுவார்தானே என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. "இது புத்தியுள்ள கதை," என்று சொல்லி, அங்கேயே டொக்டர் டெனிஷாவுக்குத் தொலைபேசி எடுத்துப் பல் கிளினிக்குக்கு நாள் கேட்டார். ஆனால் பல்லுக் கட்டி முடிய மாதக்கணக்காகும். ஹஜ்ஜுப் பெருநாளோ கிட்ட வந்துவிட்டது.

கேதீஸ்வரன்தான் மெதுவாகக் கேட்டான்: "டீச்சர், கை சஹன்ல இருந்தாப் போதும்தானே? சோறுதான் எடுக்கணுமெண்டு இல்லையே?"

டீச்சர் அவனையே பார்த்தார். பிறகு குரல் சந்தி வரைக்கும் போனது. "மூத்தாப்பா! பள்ளிவாசல்ல கேட்டு ஒரு சஹன் வாங்கிட்டு வாங்க!" என்று எதிர்க் கடையிலிருந்த கணவரைக் கூப்பிட்டார். பேரப்பிள்ளை பிறந்த நாளிலிருந்து செய்னுலாப்தீனுக்கு வீட்டில் அதுதான் பெயர்.

சஹனை மேசையில் வைத்துச் சுற்றி நின்றார்கள். சஹனில் சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு: அவரவர் தன் முன்னால் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. அப்படியென்றால் சம்மாட்டிக்கு முன்னால் என்ன இருக்க வேண்டும் என்பதைச் சமைக்கிறவர் தீர்மானிக்கலாம். ஒருவரைத் தனியாக எழுப்பிக் கொண்டுபோய் வேறு பீங்கானில் இருத்தத் தேவையில்லை. எல்லோருக்கும் சிவப்பரிசிச் சோறு. சம்மாட்டியின் பக்கத்தில் மட்டும் சோறு ஒரு கைப்பிடி அளவு. அதற்குப் பக்கத்தில் சுட்ட மீன். மிச்ச இடமெல்லாம் கீரைச் சுண்டல், வெள்ளரிக்காய், பயற்றங்காய்.

"எல்லாத்துக்கும் மேல முருங்கைக்காய்," என்றார் டீச்சர். "முருங்கைக்காயை அவசரப்பட்டுத் தின்ன ஏலாது. இழுத்து, சப்பி, சக்கையத் துப்பி, ஒண்டுக்கே கன நேரம் போகும். கையும் சஹன்ல இருக்கும், வாயும் அசையும், வயித்துக்குள்ள ஒண்டும் பெருசாப் போகாது."

பிறகு எதிர்ப்பக்கம் வந்தார். அது இன்னாசித்தம்பியின் இடம். அங்கே குழைய விட்ட சோறு, முள் எடுத்து உதிர்த்த மீன், மசித்த பூசணிக்காய், தேங்காய்ப்பால் விட்ட பருப்பு. பல் இல்லாதவர் மெல்லத் தேவையில்லாமல் விழுங்கக்கூடியதெல்லாம் அவர் முன்னால். அவர் வயிறு நிறைகிற நேரம் பாதியாகக் குறையும். வருத்தக்காரருக்கு வைத்தியம் செய்யும்போது அவரோடு இருந்து சாப்பிடுகிறவருக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் றஹ்மா டீச்சரும் படித்தார். இது தானும் இன்றைக்குத்தான் படித்தது என்று பிள்ளைகளிடமே சொன்னார். அந்தப் பெருந்தன்மை எத்தனை வாத்திமாருக்கு உண்டு?

பன்னிரண்டு பேரும் முறை போட்டுச் சமைத்துப் பழகினார்கள். பிறகு டீச்சர் மதினியின் சமையலறையில் போய் நின்று, மதினியோடு சேர்ந்து அதையே செய்தார். முதல் நாள் சஹனைக் கண்ட ஆட்களில் ஒருவர், "என்ன இது, ஆட்டுக்கு வச்ச குழையா?" என்று கேட்டாராம். மீரா முகைதீன் ஒரு முருங்கைக்காயை எடுத்து ஆற அமர இழுத்தபடி, "எனக்கு மிச்சம் புடிச்சிருக்கு" என்றாராம். அதற்குப் பிறகு மற்றவர்களும் சஹனில் கை வைத்தார்கள். இன்னாசித்தம்பி எதையும் கேட்கவில்லை. பூசணிக்காய் நல்லா இருக்கு என்று மட்டும் மதினிக்குச் சொல்லி அனுப்பினார்.

பயிற்சி முடிந்து பிள்ளைகள் போன பிறகும் கேதீஸ்வரன் உடப்புக்கு வருகிற வார இறுதியில் அந்த வீட்டுக்குப் போனான், பகல் நேரத்தில். டொக்டர் டெனிஷா அடுத்த வருடத்துக்கான சட்டத்தை மாற்றி எழுதினார்: இனி வீடுகளுக்குப் போவது பகல் சாப்பாட்டுக்கு, போகிறவர் தன் கையால் சமைத்த ஓர் ஆணத்தோடு, ஒரு குழம்போடு, போக வேண்டும், வீட்டுக்காரர் கடன்படக் கூடாது.

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. வீட்டுக்கு வீடு கருப்பட்டி போட்ட இனிப்பான வட்டிலப்பம் வந்தது. மீரா முகைதீன் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லித் தள்ளி வைத்தார். பெருநாள் கழிந்த கிழமை றஹ்மா அவரைப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சத்திரசிகிச்சை டொக்டர் துணியை அவிழ்த்து, குனிந்து, விரலால் சுற்றிவர அழுத்திப் பார்த்தார். இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்தார். மறுபடியும் காலைப் பார்த்தார். றஹ்மா வாய்க்குள் ஓதிக்கொண்டே நின்றார்.

"ஆறிக்கொண்டு வருது," என்றார் டொக்டர். "கறுப்பு நிண்டுட்டுது. வெட்டத் தேவையில்ல. ஊசியையும் விடாதீங்க, இந்தச் சாப்பாட்டையும் விடாதீங்க."

மதினி அன்றைக்கு நேரத்தோடு சமைத்து வைத்திருந்தார். போட்கள் இன்னும் கரை திரும்பாமல் கடலில் நின்றதால் வாடியில் ஆட்கள் இல்லை. வீட்டுக்குள் பாய் விரித்து, சிறிய சஹன் ஒன்றை வைத்து, மூவரும் சுற்றி இருந்தார்கள். றஹ்மாவுக்கு வாய் திறந்துவிட்டது. டொக்டர் சொன்னதை மதினிக்கு நாலு தடவை சொன்னார், நடித்துக் காட்டினார், இடையில் நானாவை ஏசினார், சிரித்தார். மதினி சாப்பிட்டு முடித்தே விட்டார். றஹ்மாவுக்கு முன்னால் சோறு பாதி அப்படியே கிடந்தது. அப்போதுதான் கவனித்தார்: நானாவின் பக்கம் காலியாகி எவ்வளவோ நேரம். சப்பி முடிந்த முருங்கைச் சக்கை ஒன்றை விரலால் அங்குமிங்கும் உருட்டிக்கொண்டு, கையை எடுக்காமல் இருந்தார்.

"உங்களுக்குப் போதும்தானே நானா? கையக் கழுவுங்க. நான் தின்ன இன்னும் கன நேரம் எடுக்கும்."

"தெரியும். நீ நடை பழகின காலத்திலருந்தே அப்பிடித்தான்," என்றார் மீரா முகைதீன். "பாண் துண்டுக்கு வரிசையில நிண்ட பஞ்சத்திலயும் நம்மட சஹன்ல நீதான் கடைசி. நாங்க அஞ்சு பேரும் எழும்பினா நீயும் அழுதுகொண்டு எழும்பிருவ. இருக்கிறதே ஒரு பிடி மரவள்ளி. நான் தின்னவும் ஏலா, எழும்பவும் ஏலா. கைய வச்சுக்கொண்டு தின்னுற மாதிரிச் சும்மா இருப்பன்." அவர் சிரித்தார். "அப்ப தெரிஞ்ச வேலைதானே இது. சோறு கூடினதும் மறந்து போச்சு."

பன்னிரண்டு டொக்டர் பிள்ளைகளையும் ஒரு சொல்லில் அடக்குகிற றஹ்மா டீச்சர் தன் முன்னால் கிடந்த பாதிச் சோற்றைப் பார்த்தார். அந்த வீட்டில் தான் பசியோடு எழும்பிய ஒரு நாளும் அவருக்கு ஞாபகம் இல்லை. அது ஏன் என்று இத்தனை வயதுக்கு அவர் கேட்டுப் பார்த்ததும் இல்லை. கண்ணீர் சோற்றில் விழுந்தது. இடது கையால் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக எடுத்து, தன் முன்னால் இருந்ததையெல்லாம் தின்று முடித்தார். முடிக்கும் வரைக்கும் நானா கையை எடுக்கவில்லை.